வலி முந்திக் குடிபோன வீடு

பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வரக் கூடாது என்று அத்தனை பேர் சொல்லியும் பூட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள், அதனால்தான் அந்தச் சித்திரையில் சுடலைமணி வீட்டு வலியெல்லாம் சுடலைமணி வீட்டு ஆட்களுக்கு முந்தியே புது வீட்டுக்குக் குடி போய்விட்டது. பால் பொங்கின அன்றைக்கு யாராவது ஒருத்தர் அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும், ஆள் இல்லை, வலி போய்ப் படுத்துக்கொண்டது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று வளவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், பேசி முடித்ததும் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்கள்.

வளவு என்றால் ஒரே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்கிற வாடகை வீடுகள். ஒரு குழாய், ஒரு துணிக்கொடி, யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லார் மூக்குக்கும் தெரியும். அம்பாசமுத்திரத்தில் அந்த வளவில் பிறந்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், அந்தப் பங்குனியில் பிளஸ் டூ பரீட்சையும் எழுதி முடித்துவிட்டு, இனிமேல் யூனிபாரம் துவைக்க வேண்டாம் என்கிற ஒரே சந்தோஷத்தோடு இருந்தவள் உலகம்மாள். அவளை எல்லோரும் உலகு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ஊரில் பாதிப் பேரை வீடு மாற்றிக் கொண்டுபோய் விட்டவர், எந்தப் பீரோ எந்த வாசலில் எந்தப் பக்கமாகச் சாய்த்தால் நுழையும் என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜோதி நகரில் தனக்கென்று ஒரு வீடு கட்ட ஆரம்பித்து, டைல்ஸ் போடாமல், குளியலறைக்குக் கதவு வைக்காமல், கரண்ட் வாங்காமல் அது பாதியில் நிற்கும்போதுதான் அம்மா பூங்கனிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது, தெரிந்து கொஞ்ச நாளிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றும் சொல்லிவிட்டார்கள்.

பால் காய்ச்ச அவசரப்படுத்தியது பூங்கனிதான்.

"நான் போயிட்டா ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் எதுவும் செய்ய முடியாது. கட்டுன வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு இங்கயே வாடகைக்குக் கெடப்பியளா? இப்பமே பாலைக் காய்ச்சிருவோம். காய்ச்சியாச்சுன்னா பெறவு எப்பம் வேணும்னாலும் குடி போலாம், ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சுடலைமணி எழுந்து வெளியே போய் அன்றைக்கு ஓட்டாமல் நிறுத்தியிருந்த வண்டியைத் துடைத்தார். உலகு "சரி" என்றாள்.

லோடு ஆட்டோவில் மெத்தையை விரித்து அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். புது அடுப்படியில் மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்து, ஓலையைக் கொளுத்திப் பாலை வைத்தார்கள், பால் கிழக்குப் பார்த்துப் பொங்கியது. பூங்கனி சுவரோடு சாய்ந்துகொண்டு, இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, பொங்கின பாலைப் பார்த்துச் சிரித்தாள். உச்சி வெயில் ஏறியதும் காற்றாடி இல்லாத வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. ராத்தங்க வேண்டும், தங்காமல் போகக் கூடாது என்று வளவில் எதிர்த்த வீட்டுப் பிரமு பெரியம்மை எவ்வளவோ சொன்னாள். சுடலைமணி கேட்கவில்லை, பூட்டினார், வேலையாட்களுக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பூங்கனியின் முந்தானையில் முடிந்தார், வளவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், மாசக்கணக்கில் இடது பக்கம் திரும்பிப் படுக்காத பூங்கனி இடது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, கருவாட்டுக் குழம்பு வைக்கியா என்று கேட்டாள். உலகு சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி வலது காலில் கவிழ்ந்தது. தோல் அப்பளம் மாதிரிப் பொரிந்து எழும்புவதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யம்மா, காலு வெந்துட்டு."

"வலிக்கா?"

"இல்ல."

"எனக்கும் வலிக்கலட்டி."

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கருவாட்டை அலச வேண்டியிருந்தது.

வலி எங்கே போயிற்று என்று மறுநாள் ஒயர்மேன் வந்து சொல்லித்தான் தெரியும்.

"அண்ணாச்சி, ஒம்ம வீடு ஷாக் அடிக்கி."

"கரண்ட்டே இன்னும் குடுக்கலியேப்பா."

"அதத்தான நானும் சொல்லுதேன். அடுப்படிக்குள்ள போனா இடது விலாவுக்குக் கீழ கொக்கியை மாட்டி இழுத்த மாதிரி இருக்கு, வலது காலு வெந்த மாதிரி எரியுது. வெளிய வந்தா ஒண்ணுமில்ல."

சுடலைமணி மகளுடைய காலைப் பார்த்தார், கட்டிலில் பூங்கனியைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அதன் பிறகு அந்த மனுசன் புது வீட்டுக்குள் காலை வைக்கவில்லை. தினமும் போவார், காம்பவுண்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கத்திக் கத்தி வேலை வாங்குவார். பயந்துபோய்விட்டார் என்பதுதான் உண்மை, அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விஷயம் வளவில் பரவுவதற்கு நேரமே ஆகவில்லை. முதலில் வந்தது பிரமு பெரியம்மைதான், கடைவாய்ப் பல்லை ஆட்டிக்கொண்டே வந்தாள், நிலைப்படியைத் தாண்டியதும் "எம்மா, சுகமா இருக்கே!" என்று கையை எடுத்தாள், பூங்கனியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே பல்லைத் தானே பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் காது குத்தாத பிள்ளைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தட்டார் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார், மாமன் மடியில் பிள்ளை சிரித்துக்கொண்டே காது குத்திக்கொண்டது அந்த ஊரிலேயே அங்கேதான். முள் குத்தினவன் வந்தான், நகச்சுத்திக்காரி வந்தாள், சுகாதார நர்ஸ் ஊசிப்பெட்டியை அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். ஒருத்தரும் இது எப்படி என்று கேட்கவில்லை. செருப்பை எங்கே விட என்றுதான் கேட்டார்கள்.

"யம்மா, இதெல்லாம் அங்கதான போய்ச் சேருது," என்றாள் உலகு. "நாளைக்கு அங்க குடியிருக்கப் போறது நாமதான?"

"சேரட்டும்ட்டி. நாலு பேரு வந்து போனா எனக்கு நல்லாருக்கு."

சாகப் போகிறவள் ஆள் முகம் பார்க்க ஆசைப்படுகிறாள், வேண்டாம் என்றா சொல்ல முடியும்? உலகு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள், காபி போட்ட நேரம் போக அட்டைப்பெட்டி கட்டினாள், பெட்டி கட்டிய நேரம் போகப் பரணில் ஏறி, கல்யாணச் சீராக வந்து ஒருநாளும் இறங்காத அண்டாக்களை இறக்கிப் புளி போட்டு விளக்கினாள். அந்தக் கோடை முழுவதும் அவள் உட்கார்ந்ததாக அவளுக்கே ஞாபகம் இல்லை. கையைக் கத்தி வெட்டும், கட்டில் கால் விரலில் ஏறும், ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். பிரமு பெரியம்மையின் மகள் இந்திராணி தலைப்பிரசவத்துக்கு வந்தவள், வலி எடுக்கும் முன்னாலேயே உலகு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் கட்டி வைத்திருந்த பெட்டிகளுக்கு நடுவில் முறுக்கு தின்றுகொண்டே ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றாள், பெற்று முடித்தது தெரியாமல் "இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?" என்று கேட்டாள்.

அங்கே ஜோதி நகரில் டைல்ஸ் போடுகிற ஐசக்கு பாடு திண்டாட்டமாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவார், இரண்டு டைல்ஸ் பதிப்பார், வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்வார். "இன்னைக்கு இடுப்புல ஒரு வலி பாருங்க அண்ணாச்சி, யாரு வலின்னு தெரியல, எம்பொண்டாட்டிட்ட சொன்னேன், அவ சிரியா சிரிக்கா" என்று சுடலைமணியிடம் சொன்னார். அடுத்தவன் வலி வெளியே வந்ததும் உதிர்ந்துவிடும், அந்தப் புது வீட்டுக்கே திரும்பிப் போய்விடும் என்றும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். தெரு நாய்கள் அந்த வீட்டு நிழலில் படுப்பதை விட்டுவிட்டன.

சித்திரை முடிகிற சமயம் ஒரு மத்தியானம் அம்மாவும் மகளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "அந்தப் பெரிய சட்டியைப் பொதியும்போது அடியில சாக்கு..." என்று சொல்லிக்கொண்டிருந்த பூங்கனி அதற்கு மேல் சொல்லவில்லை. உலகு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் பீரோ கனத்துக்கு ஒன்று அவளுக்குள்ளிருந்து கிளம்பி, நிலைப்படியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாய்க்கால் பக்கமாகப் போவது தெரிந்தது. போய்விட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கீரை வாடிவிடுமே என்று நினைத்து மீதியையும் ஆய்ந்து முடித்துவிட்டு, எழுந்து போய் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அழ வந்தவர்கள்தான் பாவம். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தால் இரண்டாவது வரியிலேயே கண் காய்ந்து, சொந்தக் கதைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் முற்றத்துக்கு வந்து மாரடித்து அழுவது, தண்ணீர் குடிக்க உள்ளே போவது, மறுபடி வந்து அழுவது என்று ஆகிவிட்டது. சுடலைமணி தெருமுனையில் வண்டிக்குப் பின்னால் நின்று அழுதார், அழுகிற ஆள் வீட்டுக்கு வெளியிலேயே அழுது தீர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு வீட்டுக்குள் வரவே இல்லை. உலகு முற்றத்துக்கும் வந்து நின்று பார்த்தாள், வெயிலிலும் நின்று பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு வரவேண்டியது மொத்தமும் அந்த மத்தியானமே போய்விட்டது.

"பெத்தவ செத்துக் கெடக்கா, ஒரு சொட்டுத் தண்ணி வுடல. கல்லு," என்றாள் ஆலங்குளத்துச் சித்தி.

"வரல சித்தி. வராததை எங்கன இருந்து கொண்டார?"

"வாயைப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து உலகுக்கு அது ஒன்றுதான் யோசனை. அம்மாவின் சேலைகளை மடித்தாள், ஒன்றும் இல்லை. அம்மாவின் சீப்பில் முடி இருந்தது, எடுத்துப் போட்டாள், ஒன்றும் இல்லை. பல் பிடுங்கப்போகும்போது ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் அடுத்தவள் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி இருந்தாள், உடம்பு பூராவும். தன்னுடையது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குடி போகிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

பதினாறு கழிந்தது. வளவு வீட்டுக்காரர் அடுத்த ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். பால்தான் காய்ச்சியாகிவிட்டதே, போவதற்கு ஒரு தடையும் இல்லை, பூங்கனி கணக்காகத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போதுதான் வளவுக்காரர்களுக்கு உறுத்தியது. ஊர் வலியையெல்லாம் அங்கே தள்ளிவிட்டோமே, தாயில்லாப் பிள்ளை அதற்குள் எப்படிக் குடியிருக்கும்? பிரமு பெரியம்மை வழி சொன்னாள்: எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரால் வீட்டை மேலிருந்து கீழே கழுவி விட்டால், அத்தனையும் சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும், வாய்க்கால் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

"செஞ்சிருவோம் மைனி," என்றார் சுடலைமணி, கும்பிடாத குறையாக.

"ஒண்ணும் கழுவ வேண்டாம்," என்றாள் உலகு.

"ஏம்ட்டி?"

"அம்மா வலி அங்கதான் இருக்கு. என்னுதும் இருக்கு."

"வலியை வச்சு என்னட்டி செய்யப் போற? ஊறுகாயா போடப் போற?"

"கழுவிட்டா நான் இப்பிடியேதான் இருப்பேன் பெரியம்மை. கடைசி வரைக்கும்."

பெரியம்மை அவள் கன்னத்தைத் தடவி, பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் கொடுக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் கழுவுவது என்று முடிவாயிற்று. சுடலைமணி அவள் முகத்தைப் பார்க்காமல் உப்பு வாங்கப் போனார்.

மறுநாள் காலையில் பெண்கள் வாளியும் விளக்குமாறுமாக லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருக்கும்போதே உலகு அம்மா சேலை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டாள். ஐசக்கு வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏ புள்ள, உள்ள போவாத, இன்னைக்குக் கடுசா இருக்கு!" என்றார். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

கூடத்தில் பல் வலி பிடித்தது, தாடையைப் பெயர்த்து எடுத்தது. இது என்னுது இல்ல என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். காதிரண்டும் எரிந்தன, புஜத்தில் ஊசி இறங்கியது, நகக்கண் துடித்தது, என்னுது இல்ல, என்னுது இல்ல என்று சந்தைக்கடையில் கூட்டத்தை விலக்குகிற மாதிரி விலக்கிக்கொண்டு போனாள். படுக்கையறை வாசலில் இந்திராணியின் வலி இடுப்பை முறித்துப் போட்டதும் தவழ ஆரம்பித்தாள். முதலில் வந்தது எதுவோ அதுதான் ஆக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்படிக்குத் தவழ்ந்தாள்.

அங்கே செங்கல் மூன்றும் அப்படியே இருந்தன, பால் பொங்கின கறை காய்ந்து கிடந்தது, அம்மா சாய்ந்திருந்த சுவரோடு அவளும் சாய்ந்து உட்கார்ந்தாள். இடது விலாவுக்குக் கீழே கொக்கி விழுந்தது. விழுந்து, திருகி, இழுத்தது, விட்டது, விட்டதென்று மூச்சு வாங்கும்போது மறுபடி இழுத்தது. இதை வைத்துக்கொண்டுதான் அம்மா அவளுக்குப் பரீட்சைக்குத் தலை பின்னிவிட்டாள். இதை வைத்துக்கொண்டு காய் நறுக்கினாள், ஜடை கோணலாக இருக்கிறது என்று உலகு எரிந்து விழுந்தபோது அவிழ்த்து மறுபடியும் பின்னினாள், என்னம்மா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டால் ஒண்ணுமில்லட்டி, வெக்கை என்றாள். உலகு இடது கையை விலாவில் அழுத்திக்கொண்டாள், அம்மா அழுத்துகிற இடத்தில். அப்போதுதான் அந்தப் பீரோ கனத்தது எங்கிருந்தோ வந்து அவள் மேல் சாய்ந்தது. எந்தப் பக்கமாகச் சாய்த்தாலும் நுழையாத சாமான் அது. நுழைந்தது.

ஜோதி நகர் ஆட்கள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். லோடு ஆட்டோவிலிருந்து இறங்கின பெண்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். அந்தப் பிள்ளையிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஆடு மாதிரி கத்தினாள், யம்மா யம்மா என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை.

பிரமு பெரியம்மை வாளியைக் கீழே வைத்தாள்.

"என் பல்லையும்லா அந்தப் புள்ள சேத்துச் சொமக்கு," என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக வெளியே வந்தாள். அவளுடையது அவளைப் பார்த்ததும் ஏறிக்கொண்டது, வெளியே வந்தும் உதிரவில்லை. இந்திராணி பிள்ளையைச் சுடலைமணி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "எய்யா, இவ்வளவா! முறுக்கு தின்னுட்டுல்லா இருந்தேன்!" என்று அவள் அலறியது தெருமுனை வரை கேட்டது, அலறி முடித்து வந்து பிள்ளையை வாங்கி முதல் தடவையாகப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். நகச்சுத்திக்காரி போனாள், முள்காரனுக்கு ஆள் அனுப்பினார்கள். காது குத்தின பிள்ளைகளை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை, அதெல்லாம் எறும்புக் கடி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். மஞ்சள் தண்ணீரை வேப்பமர மூட்டில் ஊற்றிவிட்டுப் போனார்கள். உலகுவின் வலது கால் இரண்டு நாள் எரிந்தது, மருந்து போட்டு ஆறிற்று.

எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அதற்கு உரியவள் இல்லை. அது அடுப்படியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை குடி போனார்கள். ஊரையே வீடு மாற்றின சுடலைமணி தன் வீட்டுச் சாமானை இறக்கும்போது கண்ணாடியை உடைத்தார். வீட்டுக்குள் வந்தார், கூடத்தில் படுத்தார், ஆனால் அடுப்படிப் பக்கம் போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார். உலகு தினமும் அங்கே நின்று சமைத்தாள். கொக்கி இழுக்கும்போது கரண்டியை வைத்துவிட்டு விலாவில் கை வைத்து நிற்பாள், விட்டதும் தாளிப்பாள். வெளியே வந்தால் உதிர்ந்துவிடும். சில சமயம் வேலை முடிந்த பிறகும் வெளியே வராமல் நிற்பாள்.

ஒருநாள் காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"யப்பா, பால் வச்சிருக்கேன், பாத்துக்கோங்க. தண்ணி வந்துட்டு, பிடிச்சிட்டு வாரேன்."

தண்ணீர் ஒன்றும் வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னாள். காலிக் குடத்தோடு வாசலில் நின்றாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம், பிறகு அவர் நடக்கிற சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை.

போய்ப் பார்த்தபோது அவர் அடுப்புக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கை இடது விலாவுக்குக் கீழே இருந்தது.

"இப்பிடியாட்டி இருந்துது அவளுக்கு?"

"ஆமா."

"எம்புட்டு நாளா?"

"ரொம்ப நாளா."

அவர் வெளியே வரவில்லை. அவள் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள். பால் ஏறியது, விளிம்பு வரை வந்து தளும்பியது, கிழக்குப் பார்த்து வழிய ஆரம்பித்தது, இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.